ஏரிக்கரைச் சாலை

நுழையும்முன்

சாலைகள் அகன்றபின் ஊர்களுக்கு இடையிலான பயண நேரம் குறைந்துவிட்டது. வழியில் இறங்கி நண்பர்களைக் கண்டுசெல்லும் வழக்கமும் உடன் குறைந்து வருகிறது. சென்னையிலிருந்து தஞ்சைக்குப் புறப்பட்ட ஒருவர், வீராணம் ஏரிக்கரையில் உழவுத்தொழில் செய்யும் தம் கல்லூரி நண்பரைக் காணச் சென்ற நிகழ்வை இக்கட்டுரை விவரிக்கிறது.

பயணத் திட்டம்

தை மாதத்தின் நடுப்பகுதி. குடியரசு நாளை ஒட்டி மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. சென்னையில் வாழும் பொறியாளர் ஒருவர், தம் மனைவியுடனும் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மகளுடனும் தஞ்சைப் பெரிய கோவிலைக் காணப் புறப்பட்டார். விடியுமுன்பே மகிழுந்து நகரைக் கடந்தது. அவர் வகுத்திருந்த திட்டத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு குறிப்பு இருந்தது. அவற்றுள் ஒன்று, 'நண்பர் வீடு, இரண்டு மணி நேரம்' என்பது.

அந்நண்பரும் அவரும் சிதம்பரத்தில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். சனிக்கிழமைதோறும் இருவரும் பேருந்தேறி நண்பரின் ஊருக்குச் செல்வர். நண்பரின் தாயார் கையால் உண்டு, ஏரியில் நீந்தி, ஞாயிறு மாலை திரும்புவர். படிப்பு முடிந்ததும் ஒருவர் வேலை தேடிச் சென்னைக்குச் சென்றார்; மற்றவர் தந்தையின் நிலத்துக்குத் திரும்பினார். இறுதியாகச் சந்தித்துப் 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் நண்பரின் தந்தை மறைந்தார். அப்போதும் பொறியாளர் தொலைபேசி வழியாகவே ஆறுதல் கூறினார்.

அன்றைய வழியும் இன்றைய வழியும்

திண்டிவனத்தை நெருங்கியபோது மகளுக்குத் தான் படித்த சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட அந்நூலில் வரும் கிடங்கில் என்னும் ஊர், இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிர்ப்பட்ட மற்றொரு பாணனுக்கு வழி கூறுவதாக அமைந்தது அந்நூல். எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும். வேலூரில் புளியிட்ட சோறு கிடைக்கும். ஆமூரில் உழவர் இல்லத்து வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்று அவன் சொல்லிக்கொண்டே செல்கிறான். எந்த ஊரில் யார் எதிர்கொண்டு எதை உண்ணத் தருவர் என்பதே அவனுக்குத் தெரிந்த வழி.

"நம் கைப்பேசியும் வழி சொல்கிறது. ஆனால், எந்த ஊரில் யார் நமக்காகக் காத்திருப்பார்கள் என்று அது சொல்வதில்லையே அப்பா!" என்றாள் மகள். அவர் மறுமொழி கூறாமல் வண்டியைச் செலுத்தினார்.

விக்கிரவாண்டியில் பிரிந்த சாலை பண்ருட்டி வழியாக வடலூரை அடைந்தது. 1867ஆம் ஆண்டு வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலையில், அன்று மூட்டப்பட்ட அடுப்பு இன்றுவரை அணையாமல் பேணப்படுகிறது. வந்தவர் யார், எவ்வூர் என்று வினவாமல் அங்கே உணவளிக்கின்றனர். சற்று நேரம் நின்று அதைக் கண்டபின் மூவரும் சேத்தியாத்தோப்பை நோக்கிச் சென்றனர்.

தாயின் கைச்சோறு

சேத்தியாத்தோப்பைக் கடந்து கரைமீது ஏறியதும் ஒருபுறம் ஏரி விரிந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உருவான அவ்வேரி, வீரநாராயணன் என்னும் அவன் பட்டப்பெயரால் வீரநாராயண ஏரி என வழங்கி, பின்னர் வீராணம் ஆயிற்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினத்தில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் குதிரையில் வந்த கரையும் இதுவே. மறுபுறத்தில் கரைக்குக் கீழே, அறுத்தும் அறுக்காமலும் கிடந்த சம்பா வயல்களில் அறுவடை இயந்திரங்கள் இயங்கிக்கொண்டிருந்தன.

வீட்டில் நண்பர் இல்லை. திண்ணையில் அமர்ந்திருந்த தாயார், கையை நெற்றியில் வைத்து உற்று நோக்கினார். பின்பு, "வா தம்பி. வழி மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன்" என்றார். அச்சொல்லில் குற்றச்சாட்டு இல்லை. எனினும் அவர் தலை தாழ்ந்தது.

நண்பரின் மனைவி வாழையிலை விரித்தார். புதுநெல் குத்திய அரிசிச் சோறும் வாய்க்கால் நண்டுக் குழம்பும் பரிமாறப்பட்டன. மகள் தந்தையைப் பார்த்துப் புன்னகைத்தாள். "அவர் கொள்முதல் நிலையத்தில் இருக்கிறார் அண்ணா. நெல்லைக் கொட்டி இரண்டு நாள் ஆயிற்று. முறை வரும்வரை விட்டுவர இயலாது. சாப்பாடுகூட அங்கேதான்" என்றார் நண்பரின் மனைவி.

உணவு முடிந்தபோது திட்டத்தில் குறித்த இரண்டு மணி நேரமும் கடந்திருந்தது. கும்பகோணம் வழியாக மாலைக்குள் தஞ்சையை அடைய வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்; பின்பு, நண்பருக்காகக் கட்டிவைக்கப்பட்டிருந்த சோற்றுத் தூக்கைத் தம் கையில் வாங்கிக்கொண்டார்.

நெற்குவியலின் அருகே

கொள்முதல் நிலையத்தின் களத்தில் வரிசையாக நெற்குவியல்கள் கிடந்தன. சுற்றுவட்டாரத்தில் ஒரே நேரத்தில் அறுவடை நடந்ததால் கூட்டம் மிகுந்திருந்தது. நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்பது விதி. பகலில் நெல்லைப் பரப்பிக் காயவைத்து, மாலையில் பனி இறங்குமுன் கூட்டித் தார்ப்பாயால் மூட வேண்டும். நண்பர் கால்களால் நெல்லைத் துழாவியபடி நடந்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. தூக்கோடு வந்தவரைக் கண்டதும் ஒரு கணம் திகைத்து, "நீயா சோறு கொண்டுவந்தாய்?" என்று சிரித்தார்.

அன்று தஞ்சைப் பயணம் நின்றது. மனைவியும் மகளும் நண்பர் வீட்டில் தங்கினர். இருள் சூழ்ந்ததும் இருவரும் குவியலின் இருபுறமும் நின்று தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரங்களில் கற்களை வைத்தனர். பின்பு அதன் அருகிலேயே சாக்கு விரித்துப் படுத்தனர். விடுதி நாள்களைப் பற்றிய பேச்சு நெடுநேரம் நீண்டது. நள்ளிரவுக்குமேல் பேச்சு குறைந்தது.

"அப்பாவின் மருத்துவச் செலவுக்காக நிலத்தில் பாதியை விற்றேன்" என்றார் நண்பர், வானத்தைப் பார்த்தபடி. "விற்பதா, கடன் வாங்குவதா என்று உன்னிடம் கேட்க ஒருநாள் அழைத்தேன். நீ கூட்டத்தில் இருந்தாய்."

அவருக்கு அந்த அழைப்பு நினைவில் இருந்தது. மாலையில் பேசுவதாகக் கூறியதும் நினைவில் இருந்தது. பேசாமல் விட்டதற்கு ஒரு காரணமும் நினைவுக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். நண்பர் இடைமறித்து, "நீ வராவிட்டால் என்ன? எங்கள் ஏரி உன் வீட்டுக்கு வந்துகொண்டுதானே இருக்கிறது!" என்றார்.

விளையாட்டாகச் சொல்லப்பட்ட அச்சொல் உண்மையானது. கொள்ளிடத்தின் கீழணையில் பிரியும் வடவாறு, காவிரி நீரை வீராணத்தில் சேர்க்கிறது. 2004ஆம் ஆண்டில் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தின்படி, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை அந்நீர் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் குழாய்வழிக் கடந்து சென்னையை அடைகிறது. வயலுக்குப் பாயும் நீரில் ஒரு பங்கு, அவர் இல்லத்துக் குழாயிலும் கலந்து வருகிறது. நாள்தோறும் அந்நீரைப் பருகியவர், அது புறப்படும் கரையில் வாழ்ந்த நண்பரின் துயரை அறியாதிருந்தார்.

விடைபெறல்

மறுநாள் நண்பகலில் முறை வந்தது. நெல் தூற்றப்பட்டு, மூட்டைக்கு 40 கிலோவாக எடையிடப்பட்டது. சாக்கின் வாயைப் பிடித்து நிற்கும் வேலையைப் பொறியாளர் ஏற்றார். உமித்தூசியால் மேனியெங்கும் அரித்தது. கடைசி மூட்டை தைக்கப்பட்டபோது நண்பர் நெடுமூச்செறிந்தார். மூன்று நாள்களுக்குப் பின் அன்றுதான் அவர் வீட்டுக்குச் சென்று உண்டார்.

புறப்படும்போது தாயார் புதிய அரிசியில் ஒரு சிறு மூட்டையை வண்டியில் வைத்தார். வேண்டாம் என்று மறுப்பது முறையாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். இரு கைகளாலும் பெற்றுக்கொண்டார். எஞ்சியிருந்த ஒரு நாளில் பெரிய கோவிலைக் கண்டு மூவரும் சென்னை திரும்பினர்.

விற்ற நிலத்தை அவ்வருகை மீட்டுத் தரவில்லை. காலம் கடந்து கேட்கும் செவி, உரிய காலத்தில் கேட்ட செவிக்கு ஈடாவதும் இல்லை. ஆயினும், ஒரு மாதத்துக்குப் பின் ஒரு பகற்பொழுதில் நண்பரின் அழைப்பு வந்தபோது, அவர் அலுவலகக் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே சென்றார். அரைமணி நேரம் பேச்சு நீடித்தது. எஞ்சிய நிலத்தில் உளுந்து விதைத்திருப்பதாகவும், நல்ல முளைப்பு என்றும் நண்பர் கூறினார்.