யாரிடம் கேட்பது?

“காட்டில் போய் உட்கார்ந்து கதை கேட்பதற்கு எதற்குப் பட்டம்?” என்று ஒரு கருத்தரங்கில் என் காதுபடவே ஒருவர் கேட்டார்; அவையும் நகைத்தது. ஆயுளின் பெரும்பகுதியை வித்துராவிலும் அதைச் சூழ்ந்த காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளிலும் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பின்னரும் பொன்முடி அடிவாரத்தை விட்டுப் போக மனமின்றி இங்கேயே தங்கிவிட்டவன் நான். ஆகவே அவையில் சொல்லாது விட்ட பதிலை இங்கே எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். கதை கேட்பதுதான் மானிடவியலாளரான எங்கள் தொழில். யாரிடம் கேட்பது, கேட்பதற்கு நமக்கு என்ன பாத்தியதை என்பவற்றை அறிந்துகொள்ளத்தான் பட்டமும், அதற்குப் பின் பல வருஷங்களும் வேண்டியிருக்கின்றன.

மானிடவியலின் கிளைகள் தொல்லியல், உடல் மானிடவியல், மொழியியல், சமூக, பண்பாட்டு மானிடவியல் என நான்கு. அதை விஸ்தரிக்கப் போவதில்லை. இங்குள்ள அகத்தியர் மலையைச் சுற்றியே அந்த நான்கும் நடந்தேறியிருக்கின்றன. மலையின் கிழக்குச் சரிவில் பிறந்து ஓடும் தாமிரபரணியின் கரையில், ஆதிச்சநல்லூரின் தாழிகளை 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், காணிக்காரரின் உயரத்தையும் மூக்கின் அகலத்தையும் கருவிகளால் அளந்து, காட்டிலுள்ளோரையும் நாட்டாரோடு பழகியோரையும் ஒப்பிட்டு, தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 1909-இல் வெளிவந்த தம் ஏழு தொகுதிகளில் சேர்த்தார். அத்தனை பிரயாசையும் அந்த மக்களைப் பற்றி ஒன்றையும் நமக்குச் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே ஓடும் காணிப் பேச்சு, தமிழ்நாட்டுப் பேச்சிப்பாறையில் ஒரு பக்கமும் கேரளத்து வித்துராவில் மறுபக்கமுமாகச் சாய்வது மொழி ஆய்வாளருக்குரிய பொருள். 1956-இல் ராஜ்ய எல்லை மாறியபோது, ஒரே ஜனம் இரண்டு அரசாங்கங்களின் பட்டியல்களில் ஏறியதும் அதனோடு சேர்ந்ததே. நான்காவதான சமூக, பண்பாட்டு மானிடவியல்தான் என் தொழில். திருவிதாங்கூரின் குலங்களையும் குடிகளையும் பற்றி எல். ஏ. கிருஷ்ண ஐயர் எழுதி 1937-இல் வெளிவந்த முதல் தொகுதியை இன்றும் கையெட்டும் தூரத்தில்தான் வைத்திருக்கிறேன்.

எனக்கு இத்தொழிலைக் கற்பித்த ஆசிரியர், முதற்சில மாதங்களுக்குக் குறிப்பேட்டைத் தொடவே அனுமதிக்கவில்லை. மைசூருக்கு அருகே ராம்புரா என்று தாம் பெயரிட்ட கிராமத்தில் எம். என். ஸ்ரீநிவாஸ் சேகரித்த குறிப்புகளின் மேல் எழுதிய ஆராய்ச்சித் தாள்கள் 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் தீக்கிரையானதையும், அவர் பெரிதும் நினைவைத் துணைகொண்டே அந்தக் கிராமத்தைப் பற்றிய நூலை எழுதி 1976-இல் வெளியிட்டதையும் அடிக்கடி எடுத்துச் சொல்வார். உன் தாள்கள் எரிந்துபோனால் உன்னிடம் என்ன மிஞ்சும் என்பதே அவர் எங்களை இடைவிடாது கேட்டுவந்த கேள்வி. ஓராண்டுச் சக்கரம் முழுதும், மழையிலும் தேனெடுக்கும் காலத்திலும் கூடவே இருந்திராதவன் எழுதுவது யாத்திரைக் குறிப்பேயன்றி ஆராய்ச்சி அன்று என்றும் அவர் உறுதியாக நம்பினார்.

குறிப்பேட்டைத் திறந்த பிறகு முதலில் செய்யவேண்டியது வம்சாவளி. 1898-ஆம் வருஷத்து டாரஸ் நீரிணைப் பயணத்தில் ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் உருவாக்கி, பின்னர் நீலகிரித் தோதவரிடையே விரிவாகக் கையாண்ட முறை அது. தகப்பன், தாய், குழந்தை, கணவன், மனைவி என்னும் சில சொற்களை மட்டும் கொண்டு ஒரு ஜனத்தின் உறவு முழுவதையும் வரைந்துவிடலாம் என்பது அதன் சாரம். படிக்கும்போது எளிதாகவே தோன்றும்; களத்தில் அப்படியன்று. காணிகளின் குலங்களான இல்லங்களில் அண்ணன்தம்பி இல்லங்கள் என்றும் மச்சம்பி இல்லங்கள் என்றும் இரு பெரும் கூறுகள் உண்டு. ஒரே கூறுக்குள் மணவினை இல்லை. பிள்ளைகள் தாயின் இல்லத்தைச் சேர்வார்கள். ஆகவே ஒரு குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கும் இருவர், ஒருவர் சார்பில் மற்றொருவர் பேசத்தக்கவரா அல்லரா என்பது, அந்த வம்சாவளி கையில் இருந்தாலன்றி எவருக்கும் விளங்காது.

என்னை வருஷக்கணக்கில் அலைக்கழித்த சிரமம் இதுவே. குடியிருப்புக்குத் தலைவர் மூட்டுக்காணி. வெளியார் வந்தால் அவரிடம்தான் அழைத்துச் செல்வார்கள். அவர் நிலத்தைப் பற்றியும் வழக்குகளைப் பற்றியும் பேசவல்லவர். மருந்தைப் பற்றியும் மந்திரத்தைப் பற்றியும் பேசும் உரிமை அவருக்கு இல்லை. அது பிலாத்திக்கு உரியது. கொக்கரை என்னும் பற்கள் வெட்டிய இரும்புக் குழாயை உரசி, இரவு முழுவதும் சாற்றுப் பாடிப் பிணி தீர்ப்பவர் அவர். ஆனால் பிலாத்தி தாம் அறிந்ததைத் தம் உடைமையாகக் கருதுவதில்லை. தமக்கு முன்னோர் ஒப்படைத்ததாகவும், தகுதியுள்ள ஒருவனுக்குத் தாம் ஒப்படைக்க வேண்டியதாகவுமே கருதுகிறார். அவரும் ‘சொல்’ என்று அனுமதிக்க இயலாதவர் என்றால் அந்த அனுமதியைத் தரவல்லவர் யார்? மூட்டுக்காணியைக் கேட்டால் பிலாத்தியைக் கேள் என்பார். பிலாத்தியைக் கேட்டால், மலைக்கு அப்பாலுள்ள வேறு குடியிருப்பில் தமக்கு மூத்தவர் இருக்கிறார் என்பார். அவரோ, நீ ஏன் கேட்கிறாய் என்று என்னையே கேட்பார். இந்தச் சுற்றில் அகப்பட்டுச் சலித்தவர்கள், ஏதேனும் ஓரிடத்தில் ஒருவர் தலையசைத்ததைச் சம்மதமென்று எழுதிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

அவ்வாறு இறங்கினால் என்ன நேரும் என்பதற்கு உலகமறிந்த திருஷ்டாந்தம் இந்த மலையிலேயே இருக்கிறது. 1987-இல் புஷ்பாங்கதன் முதலிய தாவர ஆராய்ச்சியாளர்கள் அகத்தியர் மலைக்குப் போனபோது, தாங்கள் களைத்துச் சோர்ந்த இடத்தில் வழிகாட்டிகளான காணி இளைஞர்கள் சிறிய காய்களைத் தின்றுகொண்டு சுறுசுறுப்பாக நடப்பதைக் கண்டு, வற்புறுத்திக் கேட்டு அந்தச் செடியைத் தெரிந்துகொண்டார்கள். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனத்தில் அதனோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைக் கூட்டி ‘ஜீவனி’ என்னும் மருந்தைச் செய்தார்கள். 1995-இல் 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு உரிமைத் தொகைக்குமாகத் தயாரிக்கும் உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு வருஷங்களுக்குத் தரப்பட்டது. வருவாயில் பாதி காணிகளுக்கென ஒதுக்கப்பட்டு, அதைப் பெறுவதற்கென 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. பழங்குடியின் அறிவுக்கு விலை தராமலே கொண்டுபோன உலகில், பாதியைத் திருப்பித் தர முன்வந்தவர்களின் நல்லெண்ணத்தை நான் ஒருபோதும் சந்தேகித்ததில்லை. 2002-இல் அந்த ஏற்பாட்டுக்குச் சர்வதேசப் பரிசும் கிடைத்தது.

ஆயினும் வழிகாட்டிகளாக வந்தவர்கள் குற்றிச்சல் பக்கத்தவர். அறக்கட்டளையும் முதலில் அப்பகுதியாரைச் சுற்றியே அமைந்தது. வித்துரா, பெரிங்ஙம்மலைப் பஞ்சாயத்துகளிலுள்ள காணிகளை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. 1995 செப்டம்பரில் வித்துராப் பகுதியைச் சேர்ந்த பிலாத்திகள் ஒன்பது பேர், தங்கள் அறிவு தனியார் கம்பெனிகளுக்கு விற்கப்படுவதை ஆட்சேபித்துக் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். பங்கு போதாது என்பதன்று அவர்களுடைய முறையீடு. விற்பனையையே அவர்கள் எதிர்த்தார்கள். பணத்தைப் பங்கிடுவதில் எத்துணை நேர்மை இருந்தாலும், கேட்கவேண்டியவரைக் கேட்காமல் விட்ட குறையை அது ஈடுசெய்யாது. இந்த மலையின் வம்சாவளியை அறிந்த ஒரு மானிடவியலாளன் அந்தக் குழுவோடு நடந்திருந்தால், சில இளைஞர்கள் சொன்னது ஒரு ஜனத்தின் சொல்லாகாது என்பதை முதல் நாளே எடுத்துச் சொல்லியிருப்பான் என்று நம்புகிறேன். ஆராய்ச்சி முறை என்று ஒரு பாடத்தையும் ஆராய்ச்சி அறம் என்று வேறொரு பாடத்தையும் இன்றைய பல்கலைக்கழகங்களில் தனித்தனியே நடத்துவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். வம்சாவளியை ஒழுங்காக எடுக்காதவனுக்கு, எவருடைய சம்மதம் வேண்டும் என்பதே தெரியாது. தெரியாதவன் எப்படி அறவழியில் நடப்பான்?

இப்போது வருபவர்களோ, கைப்பேசியில் அடுக்கிய கேள்விகளோடு காலையில் ஜீப்பில் ஏறி, மறுநாள் இறங்கிவிடுகிறார்கள். சம்மதப் படிவங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கைநாட்டு இருக்கிறது. அந்தக் கைநாட்டை வைத்தவர் எந்த இல்லத்தவர் என்று கேட்டால் விடை இல்லை. தனி மனிதனை மட்டுமே அறிந்த படிவம் அது. ஓர் இரத்தத் துளியை எடுக்க அது போதுமானதாயிருக்கலாம், ஒரு சாற்றுப் பாட்டைப் பதிவுசெய்யப் போதாது. என் பார்வைக்கு வந்த ஆய்வேடுகள் பலவற்றில் உறவுமுறை அத்தியாயம் கிருஷ்ண ஐயரிடமிருந்தே வார்த்தைக்கு வார்த்தை எடுக்கப்பட்டிருந்தது. அந்த மக்கள் 1937-இலேயே நின்றுவிட்டார்களா என்று கேட்கும் பரீட்சகர்களும் இல்லை. பெயரும் ஊரும் மறைக்கவேண்டிய இடத்தில் முகத்தோடு புகைப்படம் அச்சாகிறது. மறைக்கத் தேவையில்லாத, தம் பெயர் வரவேண்டுமென்று விரும்பிய பாடகரின் பெயரோ ‘தகவலாளி’ என்று போய்விடுகிறது.

மானிடவியலில் பட்டம் தரும் துறைகளிடம் நான் கேட்பவை இரண்டு. களத்துக்கு அனுப்புமுன் மாணவன் வித்துராப் பிலாத்திகளின் ஆட்சேபத்தை முழுதும் கற்றிருக்க வேண்டும்; நான் கண்ட பாடக்குறிப்புகளில் 2002-ஆம் ஆண்டின் பரிசு இருக்கிறது, அந்தக் கடிதம் இல்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் அதன் சாரத்தை அந்தக் குடியிருப்பிலேயே, அவர்கள் பேச்சில், மூட்டுக்காணியும் பிலாத்தியும் பெண்களும் இருக்கும் சபையில் படித்துக் காட்டி, வேண்டாமென்று அவர்கள் சொல்லும் பகுதியை நீக்க வேண்டும். இதற்கு ஒரு வருஷம் கூடுதலாகச் செலவாகும் என்றால் ஆகட்டும். அதற்குரிய உதவித்தொகையையும் துறையே கொடுக்க வேண்டும்.