நேப்பிள்ஸ் வீட்டுப் பாஸ்தாவின் பூர்வோத்தரம்

தக்காளிச் சாற்றில் புரட்டிய ஸ்பகெட்டியைத் தட்டிலிட்டு நம் எதிரே வைக்கும் நேப்பிள்ஸ் நகரத்துக் குடும்பப் பெண்ணிடம், இந்தப் பதார்த்தம் எக்காலத்தில் தோன்றியது என்று கேட்டால், வெசுவியஸ் மலை எக்காலத்தில் தோன்றியது என்று கேட்டுவிட்டதைப் போலத்தான் அவள் நம்மைப் பார்ப்பாள். இத்தாலிய வீட்டுச் சமையலின்மீது எனக்கு நெடுநாளாக உள்ள பிரியம், இந்த ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு பழைய சமையற் கிரந்தங்களுக்குள் என்னைப் புகச் செய்தது.

பாஸ்தாவுக்கு முன்னே வரும் சிற்றுண்டிகளின் விஷயத்தில் நான் அதிகம் அலையவில்லை. டஸ்கனி பிரதேசத்தார், இலையுதிர் காலத்தின் கடைசியில் ஆலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஆலிவ் எண்ணெயை ருசி பார்ப்பதற்கென்று, உப்பே சேராத தங்கள் ரொட்டியை நெருப்பில் வாட்டி, அதன்மீது பூண்டைத் தேய்த்து, புது எண்ணெயைத் தாராளமாக ஊற்றி உண்கிறார்கள். ஃபெத்துந்தா என்று அவர்கள் சொல்லும் அதையே ரோமாபுரியார் ப்ரூஸ்கெத்தா என்கிறார்கள். ரொட்டியும் எண்ணெயும் நெருப்பும் கூடிய இடங்களிலெல்லாம் தானே பிறந்திருக்கக்கூடிய ஓர் உணவுக்கு ஆதி தேடுவது வீண் என்று எனக்குத் தோன்றிற்று.

பாஸ்தாவின் ஆதியோ நான் எதிர்பார்த்ததைக் காட்டிலும் பழமையாக இருந்தது. சிசிலி மன்னன் இரண்டாம் ரோஜரின் ஆஸ்தானத்திலிருந்த அராபிய பூகோள சாஸ்திரி அல் இத்ரீஸி, 1154இல் முடித்த தம் நூலில், பலேர்மோவுக்கு அருகிலுள்ள த்ராபியா என்னும் ஊரில் உலர்ந்த மாவுப் பண்டம் ஏராளமாகச் செய்யப்பட்டுக் கப்பல் கப்பலாகக் கலாப்ரியாவுக்கும் பிற தேசங்களுக்கும் போவதைக் குறித்திருக்கிறார். 1279இல் ஜெனோவா நகரத்துப் பத்திர எழுத்தர் ஒருவர் எழுதிய சொத்துப் பட்டியலில் மக்கரோனியும் இடம் பெற்றிருக்கிறது. சீனத்திலிருந்து மார்க்கோ போலோ ஊர் திரும்பியதே 1295இல் என்னும்போது, பாஸ்தாவை அவர்தாம் கொண்டுவந்தார் என்று இன்றும் சொல்லப்படும் கதை நிற்பதற்கு இடமே இல்லை.

தக்காளியோ அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த பொருள். 1548இல் மெதிச்சி பிரபுவின் மாளிகைக்கு ஒரு கூடைத் தக்காளி வந்து சேர்ந்த செய்தி கடிதமொன்றில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதைச் சமைக்கும் முறை அச்சேறுவதற்கு, நேப்பிள்ஸில் ஒரு பிரபுவின் இல்லத்தில் விருந்துகளை நிர்வகித்துவந்த அந்தோனியோ லத்தீனியின் நூல் 1692இல் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தணலில் சுட்டுத் தோல் உரித்த தக்காளி, வெங்காயம், மிளகாய், உப்பு, எண்ணெய், காடி என்று அவர் சொல்லிக்கொண்டு போவதைப் படித்தபோது, நம் வீட்டுச் சுட்ட தக்காளித் துவையலே எனக்கு நினைவு வந்தது. இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளவும் பிறவற்றுக்கும் ஏற்றதென்று அதைச் சொன்ன அவர், பாஸ்தாவைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை!

அப்படியானால் அக்காலத்து ஜனங்கள் பாஸ்தாவை எதனுடன் உண்டார்கள்? பாலாடைக்கட்டியுடன்தான். பதினைந்தாம் நூற்றாண்டுச் சமையற்கலைஞர் மார்த்தீனோ, சிசிலி மக்கரோனியை இரண்டு மணி நேரம் வேகவைத்துப் பாலாடைக்கட்டி சேர்க்கச் சொல்கிறார். 1787இல் நேப்பிள்ஸுக்கு வந்த ஜெர்மானிய மகாகவி கதே, மலிவான விலையில் எங்கும் கிடைத்த மக்கரோனியை அவ்வூரார் வெறுமனே நீரில் அவித்துத் துருவிய பாலாடைக்கட்டியைத் தூவி உண்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். லத்தீனியின் சாறு அச்சாகி ஏறத்தாழ நூறாண்டு சென்ற பின்னரும், ஒரே நகரத்தில், ஒருவேளை ஒரே அடுக்களையில், இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமல் இருந்திருக்கின்றன என்பதே இந்தத் தேடலில் என்னைப் பெரிதும் வியக்கவைத்த சங்கதி.

அவற்றின் சேர்க்கையை நான் தெளிவாகக் கண்டது, புவொன்விச்சினோவின் பிரபுவான இப்போலித்தோ கவால்காந்தி எழுதிய சமையல் நூலின் 1839ஆம் ஆண்டுப் பதிப்பில். அதிலும், பிரபுக்களின் விருந்துக்கென்று அவர் விஸ்தாரமாக எழுதிய பெரும் பகுதியில் அன்று. வீட்டுச் சமையலுக்கென்று நேப்பிள்ஸ் பேச்சுமொழியிலேயே எழுதி இறுதியில் சேர்த்த அனுபந்தத்தில்! தக்காளியை நறுக்கி, விதையை நீக்கி, வேகவைத்து, சல்லடையில் வடித்து, பன்றிக் கொழுப்புச் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, அரை வேக்காட்டில் வடித்த வெர்மிச்செல்லியை அதில் போட்டு, உப்பும் மிளகும் தூவி, சற்றே ஈரம் வற்றும்வரை நெருப்பின்மேலேயே வைத்திருக்கச் சொல்கிறார். பூண்டு இல்லை, துளசி இனத்துப் பாசிலிக்கோ இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை. பிரபு இதைக் கற்பித்தவர் அல்லர், ஏழை எளியவர்களின் அடுப்படியிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டவரே என்பது என் அபிப்பிராயம்; பேச்சுமொழியில் அவர் அதை எழுதியிருப்பதே அப்படி நினைக்க எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

அந்த முறையை அப்படியே அனுசரித்து நான் சமைத்துப் பார்த்தேன். கொழுப்பின் வாசனை நாவுக்குப் பழக்கமற்றதாக இருந்தாலும், வடித்ததைச் சாற்றில் இட்டு நெருப்பில் வைத்துப் புரட்டும்போது, அதுவரை நீராய் நின்ற சாறு இழைதோறும் பற்றிக்கொண்டு ஏறுவதைக் கண்ணாரக் கண்டேன். கவால்காந்தியின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத நேப்பிள்ஸ் வீட்டுப் பெண்மணிகள், கொழுப்புக்குப் பதிலாக ஆலிவ் எண்ணெயை ஊற்றினாலும், அந்தக் கடைசிக் காரியத்தை மட்டும் இன்றளவும் விடாமல் செய்துவருகிறார்கள்.