விளக்கு வைக்கிற நேரத்துக்கு

புளியங்குடி,
சித்திரை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அத்தான் காலையிலேயே எலுமிச்சை மண்டிக்குக் கிளம்பிவிட்டார்கள். வெயில் ஏற ஏற கேரளத்துக்கு லோடு கூடிக்கொண்டே போகிறது, விலையும்தான்.

நீ போனில் சொன்னதிலேயே என் மனசு கிடக்கிறது. பகல் வேலையில் ஓடிவிடுகிறது, விளக்கு வைக்கிற நேரத்தில்தான் கை எதையோ தேடுகிறது என்றாய். ஹோட்டலில் மருமகள் ஆசையாக வர்ஜின் மொஹிட்டோ கேட்டாள், உனக்கும் ஒன்று வந்தது, அந்தக் கிளாஸைப் பார்த்ததும் என்னவோ போலாகித் தள்ளி வைத்துவிட்டேன் என்றாய். தள்ளி வைத்தது ரொம்பச் சரி. அதில் சாராயம் ஒரு சொட்டும் இல்லைதான். ஆனால் மொஹிட்டோ கியூபாவில், ஹவானா பக்கத்து மதுக்கடைகளில் வளர்ந்த பானம். வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சீனி, புதினா, சோடா. ரம்மை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அதே உயரக் கிளாஸில், அதே நுரையோடு கொண்டுவந்து வைக்கிறார்கள். குடியை விட்டவனுக்கு அந்த நுரையும் ஐஸ் மோதுகிற சத்தமுமே போதும், பழசெல்லாம் கிளம்பி வந்துவிடும்.

அதற்காகப் புதினாவையும் எலுமிச்சையையும் நீ விடவேண்டியதில்லை. ரெண்டும் நம் அடுக்களைச் சாமான். அந்தப் பானத்தை நம் வழியில் செய்துகொள். முதலில் சோடா வேண்டாம். நீ எதில் கலந்து குடித்தாய் என்று எனக்குத் தெரியும். பானைத் தண்ணீர் போதும். கண்ணாடி கிளாஸும் வேண்டாம், எவர்சில்வர் தம்ளரில் குடி. அம்மாவின் பித்தளைச் சொம்பில் மட்டும் ஊற்றிவிடாதே. புளிப்பு பட்டால் பித்தளை கழன்று சாற்றில் இறங்கும்.

பழம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் மெலிசாக, மஞ்சள் ஏறி, கையில் எடுத்தால் கனமாக இருக்கவேண்டும். அறுக்குமுன் உள்ளங்கையை வைத்துத் தரையில் நாலு உருட்டு உருட்டு, சாறு இளகும். கடைசிச் சொட்டு வரைக்கும் நசுக்காதே. தோலுக்கு அடியில் இருக்கிற வெள்ளைச் சதையும் விதையும் கசப்பு. பிழிந்த சாற்றை உடனே குடித்துவிடு. காலையில் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் சாயங்காலம் புளிப்பு இருக்கும், வாசனை போயிருக்கும்.

புதினாவில்தான் எல்லாரும் கெடுக்கிறார்கள். மிக்ஸியில் போட்டு அரைத்துப் பச்சையாக ஊற்றினால்தான் புதினா இருக்கிறதென்று நம்புகிறார்கள். புதினாவின் வாசனை எண்ணெய் இலைக்குள்ளே ஆழத்தில் இல்லை, தம்பி. இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் இருக்கிறது. லேசாக அழுத்தினாலே அவை உடைந்து எண்ணெய் வந்துவிடும். அரைத்தால் அதோடு இலையின் பச்சையும் துவர்ப்பும் சேர்ந்து இறங்கி, புல்லைக் கடித்த மாதிரி ஒரு ருசி நிற்கும். எலுமிச்சையின் புளிப்பு பட்டதும் அந்தப் பச்சையும் கொஞ்ச நேரத்தில் மங்கிக் காய்ந்த இலை நிறத்துக்குப் போய்விடும். கடை பாட்டிலில் மாசக்கணக்கில் மின்னுகிற பச்சை கலர்ப் பொடியால் வருவது. மருமகளுக்கும் இதைச் சொல்லு. நல்ல புதினாத் தண்ணீர் கிட்டத்தட்ட தெளிவாகத்தான் இருக்கும்.

பெரிய தம்ளர் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு இலை. காம்பைக் கிள்ளி எறிந்துவிடு. ஒரு ஸ்பூன் சீனியும் ஒரு சிட்டிகை கல்லுப்பும் சேர்த்து மத்தின் அடியால் ஏழெட்டு அழுத்து, போதும். சீனிப் பரல் இலைமேல் உரசும்போதே வாசனை கிளம்பும். அரிந்த எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியில் நகமளவு சீவி அதோடு போட்டால் இன்னும் விசேஷம், தோலில் இருக்கிற எண்ணெயையும் சீனி இழுத்துக்கொள்ளும். பிறகு ஒரு பழத்தின் சாறு, 200 மில்லி பானைத் தண்ணீர். இனிப்புப் போதாவிட்டால் இன்னும் சீனியைக் கொட்டாதே, குளிர்ந்த தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கும். சீனியும் தண்ணீரும் சரிக்குச் சரி கொதிக்கவைத்துப் பாகாக ஆற்றி வைத்துக்கொண்டால் வேண்டிய அளவு ஊற்றலாம். உப்பை மட்டும் மறந்துவிடாதே. அந்தச் சிட்டிகை கசப்பை அமுக்கி இனிப்பை முன்னால் கொண்டுவரும்.

நீ சொல்லாமல் விட்ட ஒன்றும் எனக்குப் புரிகிறது. தொண்டையில் ஏதாவது நடக்கவேண்டும், வெறும் சாறு இறங்கினால் ஒன்றுமே குடிக்காத மாதிரி இருக்கிறது, அதுதானே? அதற்கு இஞ்சி இருக்கிறது. சுண்டுவிரல் நுனியளவு தட்டி, பிழிந்து ஊற்று. இஞ்சி தொண்டையில் சுருக்கென்று எரியும், பின்னாலேயே புதினா குளிரும். அந்தக் குளிர்ச்சியே ஒரு அதிசயம். நம் நரம்பு முனைகளில் குளிரை உணர்கிற ஏற்பி ஒன்று இருக்கிறது. உண்மையான குளிர் பட்டாலும் அது விழிக்கும், புதினாவில் இருக்கிற மென்தால் பட்டாலும் விழிக்கும். தண்ணீர் குளிராக இல்லாவிட்டாலும் வாய் சில்லென்று ஆவது அதனால்தான். அந்த ஏற்பியைத் தனித்தனியே கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் ரெண்டு பேருக்கும் 2021-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள், வெப்பமும் தொடுதலும் நமக்கு எப்படித் தெரிகிறது என்று காட்டியதற்காக. பாடம் நடத்துகிறாள் என்று நினைக்காதே, இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். மென்தால் வகைக்கு வகை கூடும் குறையும். அதனால் கட்டைப் பார்த்து வாங்காதே, ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து வாங்கு.

இதை உன் வீட்டுக்காரி கலந்து கொண்டுவந்து கொடுக்கக்கூடாது. நீதான் செய்யவேண்டும். இலை கிள்ளுவதும் பழம் உருட்டுவதும் இஞ்சி தட்டுவதுமாகக் கால் மணி நேரம் போகும். எனக்கு அந்தக் கால் மணி நேரம்தான் வேண்டும், தம்பி. நாலு தம்ளராகச் செய். மருமகளுக்கும் சின்னவனுக்கும் உன் கையால் கொடு. கூட்டாளிகள் யாராவது வந்து கூப்பிட்டால் அவர்களுக்கும் ஒரு தம்ளர் நீட்டு. குடித்துவிட்டு உட்கார்ந்து பேசுகிறவன் இருக்கட்டும், முகம் சுளிக்கிறவன் போகட்டும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை விடாதே. புதினாத் தண்ணீர் மருந்தாகாது. தூக்கம் கெட்டாலோ கை நடுங்கினாலோ தயங்காமல் போய்ப் பார். ராத்திரி எந்நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு.

அத்தானிடம் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரு பை பழம் வரும். தோல் சுருங்குவதற்குள் பிழிந்துவிடு. கடையில் வாங்குகிற புதினாக் கட்டில் தடித்த தண்டாக நாலைந்து எடுத்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்து. வேர் விட்டதும் தொட்டியில் நட்டு, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வை. தரையில் நடாதே, ஓடி ஓடி மற்றச் செடியை அமுக்கிவிடும். மண் காயாமல் பார்த்துக்கொள்ள மருமகளிடம் சொல்லு. முதல் தம்ளர் எப்படி இருந்தது, இஞ்சி கூடிவிட்டதா குறைந்ததா என்று ரெண்டு வரி எழுது.

அன்புடன்,
அக்கா