பாராமுகம்

மழையில் நனைவது என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது குளிர் அல்ல, கண்கள். கல்லூரிக் காலத்தில் நனைந்தபடி பேருந்துக்குக் காத்திருந்த நாட்களில் நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தோள்களைக் குறுக்கி நிற்பேன். "குடையை மறந்துடாதடி" என்று அம்மா சொன்னது மழைக்காக மட்டுமல்ல என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் கருத்தரங்கு ஒன்றுக்காகக் கனடாவின் வான்கூவர் நகரத்துக்குப் போயிருந்தேன். மழைக்குப் பெயர்போன ஊர். கணக்குப் பார்த்தால் சென்னையில்தான் மழை அதிகம்: ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். வான்கூவர் விமான நிலையத்தில் பதிவாவது சுமார் 1,200. ஆனால் நம் மழையில் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அங்கேயோ ஆண்டில் 160 நாட்களுக்கு மேல் நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் நாளே தொப்பலாக நனைந்தேன். பழக்கதோஷத்தில் கை துப்பட்டாவை இழுத்துவிட்டது. நிறுத்தத்தில் ஏழெட்டு ஆண்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. என் பை இடித்ததற்கு, இடிபட்டவரே 'சாரி' சொல்லிக் கூரைக்கடியில் நகர்ந்து இடம்விட்டார். பேருந்திலிருந்து இறங்கியவர்கள் பின்வாசலிலிருந்தே ஓட்டுநருக்குக் குரல்கொடுத்து நன்றி சொன்னார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, முதல்முறையாக, நனைந்த உடம்போடு நிமிர்ந்து நின்றேன். பார்க்காமல் இருப்பதைவிட ஒரு பெண்ணுக்குத் தரக்கூடிய பெரிய மரியாதை இல்லை என்று தோன்றியது.

மறுநாள் ஹேஸ்டிங்ஸ் தெருவில் இறங்கினேன். டவுன்டவுன் ஈஸ்ட்சைட் என்னும் பகுதி அது. வறுமையும் போதையும் வீடின்மையும் ஒருசேர நெருக்கும் இடம். நடைபாதையில், நனைந்த போர்வைக்குள் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து 'ஹலோ' என்றாள். மற்றவர்களைப் போலவே நானும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கடந்துபோனேன். ஊரின் நாகரிகத்தைக் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைப்பு.

பிப்ரவரி 14 அன்று அதே தெருவில், தூறலில், பறையொலியோடு பெண்கள் நினைவுப் பேரணி வந்தது. அப்பகுதியில் காணாமல்போன, கொல்லப்பட்ட பெண்களுக்காக 1992 முதல் ஆண்டுதோறும் நடப்பது. அப்பெண்களில் பலர் பூர்வகுடியினர், ஏழைகள், பாலியல் தொழிலில் இருந்தவர்கள். ஆண்டுக்கணக்கில் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் மறைந்தபோது காவல்துறை முறையாகத் தேடவில்லை என்பதை, அரசு அமைத்த விசாரணை ஆணையமே 2012இல் வெளிவந்த அறிக்கையில் சொன்னது.

பேரணி நின்ற ஓரிடத்தில் ஒரு மூதாட்டி, கையிலிருந்த இளம்பெண்ணின் படத்தை என் பக்கம் திருப்பினார். "பார்" என்றார். முந்தைய நாள் 'ஹலோ' சொன்னவளின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை. அந்தப் போர்வையின் நிறம் மட்டும்தான் வந்தது.

உற்றுப் பார்க்கிற ஊரில் வளர்ந்தவள் நான். பாராத ஊரில் எனக்குக் கிடைத்தது விடுதலைதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் எனக்கு மரியாதையாக வந்ததுதான் அவளுக்குப் பாராமுகமாகப் போயிருக்கிறது. அதில் நானும் ஒரு பங்கு சேர்த்திருக்கிறேன்.

இப்போது ஐப்பசி மழையில் எங்கள் கல்லூரி நிறுத்தத்தில் மாணவிகள் பையை மார்போடு அணைத்து நிற்கிறார்கள். கண்டும் காணாமல் போய்விடுவதுதான் அவர்களுக்குச் செய்யும் உதவி என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது பக்கத்தில் போய் நிற்கிறேன். முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன்: "ஏம்மா, குடைக்குள்ள வர்றியா?"