மெயில் ஐடி சொல்லு தம்பி!

புதுக்கோட்டைப் பக்கம் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும், ரிசல்ட் வரும் மாதங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கல்லூரிக்கு விண்ணப்பம் போடக் கூட்டம் நிற்கும். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் அக்கா தலையைத் திருப்பாமலே, "மெயில் ஐடி சொல்லு தம்பி" என்பார். தம்பி, பக்கத்தில் நிற்கும் அப்பாவை ஒரு பார்வை பார்ப்பான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வான். ஒன்பதாம் வகுப்பில் கேம் விளையாடுவதற்காகத் தொடங்கிய ஐடி அது. அதில் ஒரு 'கிங்' இருக்கும், பிடித்த நடிகரின் பெயர் இருக்கும், கடைசியில் மூன்று எண்கள் இருக்கும். குலசாமிக்கு நேர்ந்துகொண்டு அப்பா வைத்த பெயர் மட்டும் இருக்காது.

"புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிடலாமாக்கா?"

"ஆரம்பி. ஆனா பாஸ்வேர்டை மறந்துட்டு நாளைக்கு வந்து நிக்காதே!"

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தத் தம்பிக்கு மட்டும் காது சிவந்திருக்கும்.

அவனுக்கு ஆறுதலாக ஒரு கதை இந்த ஊரிலேயே இருக்கிறது. 1944-ல் புதுக்கோட்டையிலிருந்து 'திருமகள்' என்ற பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதில் வேலை கேட்டு வந்தார், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஓர் இளைஞர். வயது 17. சிறுகூடல்பட்டியில் பிறந்தபோது வைத்த பெயர் முத்தையா. தத்துப்போன வீட்டில் வைத்த பெயர் நாராயணன். ஆக, இரண்டு பெயர்கள் ஏற்கெனவே கையில். ஆனால், "என்ன பெயரில் எழுதுகிறாய்?" என்று கேட்கப்பட்டபோது அந்த இரண்டையும் அவர் சொல்லவில்லை. அந்த நொடியில் வாயில் வந்ததைச் சொன்னார் என்பார்கள்: 'கண்ணதாசன்'.

பாரதிதாசன், கம்பதாசன் என்று 'தாசன்'கள் புகழோடு இருந்த காலம் அது. இன்றைக்குப் பெயருக்குப் பின்னால் 'அஃபீஷியல்' போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு வழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயர் நிலைத்தது. ஆனாலும் மனிதர் அதோடு நிற்கவில்லை. காரை முத்துப்புலவர், வணங்காமுடி, பார்வதிநாதன், ஆரோக்கியசாமி என்று பிறகும் பல பெயர்களில் எழுதினார். இன்றைய கணக்கில் ஒரே ஆளுக்கு அரை டஜன் ஐடி! சொந்தக் கதையான 'வனவாசம்' நூலில்கூட 'நான்' என்று எழுதாமல் 'அவன்' என்றே எழுதினார். முத்தையாவைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கக் கண்ணதாசனுக்கு அது வசதியாக இருந்திருக்கும். அவருடைய மகன்களுக்கோ, அந்தப் புனைபெயரே அப்பாவின் பெயராகப் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஒரு வேலைக்காகச் சொன்ன பெயர், அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயர்.

இதே புதுக்கோட்டையில் பிறந்த ராமசாமி கணேசனின் கதை இன்னொரு விதம். அவர் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். 1947-ல் 'மிஸ் மாலினி' படத்தில் தலைகாட்டினார். 1952-ல் 'பராசக்தி' வந்து, விழுப்புரம் சின்னையா கணேசன், சிவாஜி கணேசனாக ஊரெங்கும் பேசப்பட்ட பிறகு, இன்னொரு கணேசன் தன்னைத் தனியாக அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. சம்பளம் கொடுத்த ஸ்டுடியோவின் பெயரையே முன்னால் சேர்த்துக்கொண்டார். ஒருவர் நாடக வேஷத்தைப் பெயராக்கினார், மற்றவர் கம்பெனியை! செல்போனில் 'கேபிள் குமார்', 'கேஸ் செல்வம்' என்று பதிந்து வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இவர்களுக்கு முந்தைய தலைமுறை நட்சத்திரம் பி.யு.சின்னப்பா, ஊரையும் அப்பாவையும் பெயரிலேயே வைத்துக்கொண்டார். 'பி' என்றால் புதுக்கோட்டை, 'யு' என்றால் அப்பா உலகநாத பிள்ளை. ஊர், அப்பா, பிள்ளை என்று முழு விலாசமும் இரண்டு எழுத்தில் அடக்கம். தபால்காரருக்கே போதும்.

ஆனால் கம்ப்யூட்டருக்குப் போதாது. 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று அது இரண்டு கட்டங்களை நீட்டும்போது, நம் ஊர் இனிஷியல் திருதிருவென விழிக்கிறது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லாமல்... ஒரே பெண்ணுக்கு நான்கு பெயர்கள். கல்யாணமாகி அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வந்தால் ஐந்தாவது. இதைச் சரிசெய்ய அலையும் செருப்புத் தேய்மானத்தை எந்த அலுவலகமும் கணக்கில் எடுப்பதில்லை.

இதில் உள்ள வலி, வெளிநாடு போகும்போதுதான் முழுதாகத் தெரியும். இந்த மாவட்டத்தில் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் அனுப்பாத கிராமத்தைத் தேடத்தான் வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் வர முடியாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. சாதிப் பெயரைப் பின்னொட்டாகப் போடுவதை விட்டுவிட்டு, ஒற்றைப் பெயரும் இனிஷியலுமாக வாழப் பழகியது தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று. அந்தப் பெருமை, விமான நிலைய கவுன்ட்டரில் ஒரு காலிக் கட்டமாகத் தெரிகிறது.

பெயரை மறைப்பது எல்லாருக்கும் விளையாட்டும் அல்ல. மாவட்ட எல்லையைத் தாண்டினால் திருச்சி மாவட்டத்தின் துவரங்குறிச்சி. அங்கே, வயதுக்கு வந்ததும் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருந்த ஒரு பெண், ரகசியமாகக் கவிதை எழுதினார். ரொக்கையா என்ற பெயரில் அவை அச்சாகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அவர் அறிவார். 'சல்மா' என்ற பெயரில் அச்சானது. ஊரார் கண்ணில் அவர் எழுதாத பெண். இலக்கிய வாசகர்களுக்கோ, முகம் தெரியாத சல்மா. பிறகு, பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவிக்கான உள்ளாட்சித் தேர்தல் வந்தது. 2001-ல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார். இரண்டு பெயர்களும் ஒரே ஆள் என்பது வெளிச்சத்துக்கு வந்தது. 2025-ல் அவர் மாநிலங்களவை வேட்பாளராக அறிவிக்கப்பட்டபோது, 'ரொக்கையா மாலிக் (எ) கவிஞர் சல்மா' என்றே குறிப்பிடப்பட்டார். அந்த '(எ)' என்ற ஒற்றை எழுத்துக்குள் எத்தனை வருடங்கள்!

இன்றைக்கும் சொந்தப் பெயரில் ஒரு போட்டோ போடவோ, கருத்துச் சொல்லவோ தயங்கிப் பூப்பெயரையோ பறவைப் பெயரையோ வைத்துக்கொள்ளும் பெண்கள் நிறைய. சித்தப்பா பார்ப்பார், கணவரின் அலுவலகத்தில் பார்ப்பார்கள். பொய் ஐடியில் வந்து வசைபாடும் வீரர்களையும் இவர்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஒருவர் அடிப்பதற்காக முகமூடி போடுகிறார், இன்னொருவர் அடிபடாமலிருக்க.

பெயரே தேவைப்படாத வெற்றியும் இந்த மண்ணில் உண்டு. சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் 2018-ல் தொடங்கிய சேனலின் பெயர் 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. அதில் தாத்தா பெயர் இல்லை, ஊர் பெயரும் இல்லை. 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் அது. முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 'விக்ரம்' படத்திலும் வந்துபோனார்கள். ஆனாலும் தாத்தாவைத் தெருவில் பார்ப்பவர்களுக்கு அவர் வில்லேஜ் குக்கிங் தாத்தாதான்.

இ-சேவை மையத்தில் அந்தத் தம்பி புது ஐடிக்கு வந்துவிட்டான். சொந்தப் பெயரைத் தட்டுகிறான். 'ஏற்கெனவே வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்கிறது திரை. இனிஷியலைச் சேர்க்கிறான். அதுவும் போய்விட்டது. பிறந்த வருடத்தைச் சேர்த்தும் பலனில்லை. அதுவரை பேசாமல் நின்ற அப்பா எட்டிப் பார்த்து, "முன்னாடி ஊர் பேரையும் சேர்த்துப் போட்டுப் பாரேன்" என்கிறார்.

கிடைத்துவிட்டது.