எங்க அப்பாவும் சிங்கவால் குரங்கும்

பாமாயில் தோட்டத்துக்காக ஒராங்குட்டான் காட்டை அழிக்கிறாங்கன்னு ஸ்டேட்டஸ் வச்சவன்தான் நான். நீங்களும் வச்சிருப்பீங்க. நாட்டில் அப்போது இருந்த ஒரே ஒராங்குட்டான் பின்னி, 2019-ல் ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் செத்தப்போ ரெண்டு நாள் அதே பேச்சு.

போன லீவில் பசங்களோட நாகர்கோவில்ல ரயில் ஏறி, திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குப் போனேன். ஒரு கூண்டில் சிங்கவால் குரங்கு. கறுத்த உடம்பு, முகத்தைச் சுத்தி நரைச்ச பிடரி. "தாத்தா"ன்னு கூப்பிட்டுச் சிரிச்சோம். அப்புறம்தான் பலகையை வாசிச்சேன். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா உலகத்துல வேற எங்கேயும் கிடையாதாம். நம்ம மலைக்கு அந்தப் பக்கம், களக்காட்டில் 1976-ல் சரணாலயம் வந்ததே இதுக்காகத்தான் மக்கா. மரத்தை விட்டு அதிகம் இறங்காது. வெடிப்பலா மாதிரி காட்டு மரங்கள் நெருங்கி நின்னாத்தான் அதுக்குச் சாப்பாடும் வழியும். நடுவுல தோட்டம் வந்தா வழி அறுந்துடும்.

தோட்டம்னா? தேயிலை, காப்பி, ரப்பர்.

எங்க அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கிட்டு கீரிப்பாறை பக்கம் போவார். என் செமஸ்டர் ஃபீஸ் அந்தச் சிரட்டையில் சொட்டினதுதான். போர்னியோக்காரனைத் திட்டினப்போ இது தோணவே இல்லை, பாருங்க.

ராத்திரி கேட்டேன், "அப்பா, சிங்கவால் குரங்கு பாத்திருக்கியளா?"

"சின்னதுல, எங்க அப்பாகூட மேல போனப்போ பாத்திருக்கேன்."

"இப்போ?"

அவர் முற்றத்துல இறங்கி வானத்தைப் பார்த்தார். மழை பெய்தா மறுநாள் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது.