சாமைச் சோறும் ஒரு சொம்புத் தண்ணீரும்

என் அக்கா பிள்ளை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவனுடைய மேலதிகாரி ஒரு கொரியாக்காரர். "மாமா, அவர் ஸ்ரீரங்கம் பார்க்க வருகிறார். இரண்டு நாள் நீங்கள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்" என்று போனில் சொல்லிவிட்டு, நான் சரி என்பதற்குள் வைத்தும் விட்டான்.

மனிதர் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த தேகம், அதிகம் பேசாத சுபாவம். கோயிலையும் கொள்ளிடத்தையும் மலைக்கோட்டையையும் முதல் நாளே பார்த்து முடித்தாயிற்று. உச்சிப் பிள்ளையார் சந்நிதியில் நின்று வடக்கே பார்த்தவர், "இங்கே நிஜமான மலை இல்லையா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் மேல் குற்றமில்லை. அவர்கள் நாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்கு மலைதானாம். விடுமுறை என்றால் குடும்பத்தோடு மலையேறக் கிளம்பிவிடுவார்களாம். அவருக்கு நம்முடைய மலைக்கோட்டை ஒரு கல்லாகத் தெரிந்ததில் என்ன ஆச்சரியம்?

"பச்சைமலை இருக்கிறது" என்றேன். சொன்ன பிறகுதான், ஏன் சொன்னோம் என்று இருந்தது.

திருச்சிக்கு வடக்கே 80 கிலோ மீட்டர். துறையூர் தாண்டி, சோபனபுரம் வந்தால் அடிவாரம். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. ஊட்டியைப் போல் குளிர்ந்து நடுக்கும் மலை அல்ல. நல்ல காற்று, முந்திரித் தோப்பு, பலாமரம், கண்ணுக்கெட்டிய மட்டும் மரவள்ளி. இந்த மரவள்ளிதான் கீழே இறங்கி ஜவ்வரிசியாகி நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கிறது. மலையில் இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்தாரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்து ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள், அவர்கள் வம்சமே நாங்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

காரோட்டி வந்த பையனுக்கு அங்கே தெரிந்த வீடு ஒன்று இருந்தது. சர்க்கார் கட்டிக் கொடுத்த சிமெண்டு வீடு முன்னால். பழைய மண்வீடு, புல் வேய்ந்த கூரையோடு, பின்னால். சிமெண்டு வீட்டில் மூட்டைகளும் டெலிவிஷனும் வாசம் செய்தன. மனிதர்கள் மண்வீட்டில்தான் இருந்தார்கள். கொரியாக்காரர் யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றி, நுனி வெளியே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய், சாணி மெழுகிய தரையில் சப்பணம் கூட்டி உட்கார்ந்துவிட்டார். நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைக் கெஞ்சிக் கூத்தாடி, தவணை முறையில் உட்கார்ந்தேன். நாற்காலி கொண்டுவரப் பையன் ஓடியது எனக்காக, விருந்தாளிக்காக அல்ல.

அடுப்புக்கு மேலே பரணிலிருந்து விதைக் கதிர்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். புகை பட்டால் பூச்சி அண்டாது. கொரியாக்காரர் அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டி வீட்டிலும் இப்படித்தானாம், அங்கே தொங்கியது சோயா மொச்சையை வேகவைத்து இடித்துச் செங்கல் மாதிரி பிடித்த கட்டி, வைக்கோலால் கட்டியிருக்கும், அதிலிருந்துதான் வருஷத்துக்கு வேண்டிய குழம்புச் சாந்து. அடுப்பின் புகையையும் சூட்டையும் தரைக் கல்லுக்கு அடியில் ஓடவிட்டு, குளிர்காலத்தில் அந்தத் தரையிலேயே படுப்பார்களாம். அம்மாவை 'ஓம்மா' என்றும் அப்பாவை 'அப்பா' என்றுமே அழைப்பார்கள் என்று அவர் சொன்னதும், வீட்டுக்கார அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். (கி.பி. 48இல் ஆயுத்தா என்ற தேசத்து அரசகுமாரி கப்பலேறி வந்து கொரிய அரசனை மணந்தாள் என்று அவர்களுடைய 13ஆம் நூற்றாண்டு நூலான சம்குக் யூசா சொல்கிறது. அந்தத் தேசம் தமிழ்நாடுதான் என்று வாதிப்பவர்கள் உண்டு. நான் அந்த வழக்கில் சேரவில்லை. குழந்தை 'அப்பா' என்று கூப்பிடக் கப்பல் எதற்கு?)

சாப்பாட்டில்தான் தகராறு வந்தது. சாமைச் சோறு வேண்டும் என்று நான் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து, ஸ்ரீரங்கத்தில் சர்க்கரை வியாதிக்காரர்களான எங்களுக்கெல்லாம் சாமையின் மேல் பெரிய பக்தி. அந்த அம்மாளுக்கோ முகம் விழுந்துவிட்டது.

"கடல் தாண்டி வந்தவங்களுக்குச் சாமையையா போடறது? நெல்லுச் சோறு ஆக்கிட்டேங்க."

மலையில் இப்போது சாமை விதைப்பவர்கள் குறைவு. மரவள்ளி போட்டால் கையில் காசு. 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். சாமையைத் திரிகையில் உடைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்துச் சோறாக்குவதற்குள் ஒரு பெண்பிள்ளையின் இடுப்பு ஒடிந்துவிடும். "எங்க அம்மா கை பூரா காய்ப்புங்க" என்றாள். நான் கேட்டது பண்டம். அவள் காதில் விழுந்தது தரித்திரம்.

இதைக் கொரியாக்காரருக்கு எப்படி விளக்குவது என்று திண்டாடினேன். அவர் சட்டென்று புரிந்துகொண்டார். அவர்கள் பாஷையில் 'பொரிட்கொகே' என்று ஒரு வார்த்தை உண்டாம். பார்லிக் கணவாய் என்று அர்த்தம். போன வருஷத்து நெல் தீர்ந்து, புதுப் பார்லி விளையாத வசந்தகாலத்துப் பட்டினிக்கு அந்தப் பெயர். மலைக் கணவாயை ஏறிக் கடப்பது போல அந்த நாட்களைக் கடக்க வேண்டும். "என் தாயார் கடந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தினைச் சோற்றை அவர்கள் கடைசி வரை தொடவில்லை. இப்போது சியோலில் அது விலை உயர்ந்த ஆரோக்கிய உணவு" என்றார்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சட்டி. வீட்டாருக்கென்று வைத்திருந்த சாமைச் சோறு. பக்கத்தில் மொச்சைக் குழம்பு, கொள்ளு ரசம். சாப்பாட்டின் நயத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. சாமை கொஞ்சம் தொண்டையைப் பிடித்தது. குழம்பு அதைச் சமாதானம் செய்து உள்ளே அனுப்பியது. என்னைப் பார்த்துவிட்டு, நான் முதல் கவளம் எடுத்த பிறகே அவர் எடுத்தார். மூத்தவர் ஆரம்பிக்க வேண்டுமாம்.

கடைசியில் நீராகாரம் வந்தது, சொம்பில். அடிப்பிடித்த சோற்றில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் வழக்கம் தங்களுக்கும் உண்டு என்று சொல்லி, அவர் அதை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார். பெரியவர்கள் கொடுத்தால் ஒற்றைக் கையால் வாங்கமாட்டார்களாம்.

அந்தச் சொம்பைப் பார்த்ததும் எனக்கு 1968ஆம் வருஷம் ஞாபகம் வந்தது என்று சொன்னால் அது பொய். ஞாபகம், 'பச்சைமலை' என்று வாய் தவறிச் சொன்ன நேரத்திலேயே வந்துவிட்டது. அப்பாவுக்கு அப்போது துறையூரில் சர்க்கார் உத்தியோகம். ஏதோ காரியமாக மலைக்கு நடந்து போனபோது, ஒன்பது வயதுப் பையனான என்னையும் அழைத்துப் போனார். சித்திரை வெயில். ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மாள் ஒருத்தி, "பிள்ளை நாக்கு வறண்டு நிக்குதே, சாமி" என்று ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நான் கையை நீட்டிவிட்டேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவளைத் திட்டவில்லை, அவர் யாரையும் திட்டமாட்டார். "வேண்டாம், அவன் குடிக்கமாட்டான்" என்றார், மிருதுவாக. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு தண்ணீரை வாசலில் இருந்த பூசணிக் கொடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள். காய்ந்த மண்ணில் தண்ணீர் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கீழே இறங்கும் வரை அப்பா என்னோடு பேசவில்லை. அவருக்கும் தாகம்தான்.

இப்போது சொம்பு என் பக்கம் வந்தது. நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். கொரிய வழக்கத்தைப் பின்பற்றுகிறேன் என்று விருந்தாளி சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

புறப்படும்போது அந்த அம்மாள் கேட்டாள்: "ஐயா இதுக்கு முன்னே மலைக்கு வந்திருக்கீங்களா?"

"ஒரு தடவை. சின்னப் பிள்ளையா இருக்கறப்போ."

"யாரு வீட்டுல சாப்பிட்டீங்க?"

"யார் வீட்டிலும் சாப்பிடலே."

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அட பாவமே! ஒரு வாய்த் தண்ணிகூடக் கொடுக்காமயா எங்காளுங்க அனுப்பிட்டாங்க?"